பாட்டியின் பெயருக்குள் ஒரு மீன்

பெண் பெயருக்குப் பொருள் தேடுகிறீர்களா? பெயர்ப் புத்தகத்தை மூடிவையுங்கள். அதில் பாதிப் பெயர்களுக்குப் பொருள் 'அழகானவள்'தான். பெயரைக் காகிதத்தில் எழுதி, சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் புணர்ச்சியைப் பிரித்துப் பாருங்கள்.

என் பாட்டி அங்கயற்கண்ணி: அம் + கயல் + கண்ணி. அம் என்றால் அழகு (இங்கே நிஜமாகவே உண்டு), கயல் என்பது கெண்டை மீன். பின்னால் 'க' வந்ததும் 'ல்', 'ற்' ஆகிவிடும். பள்ளிச் சான்றிதழில் 'அங்கயர்க்கண்ணி' என்று எழுதி மீனையே விரட்டிவிட்டார்கள்!

அடுத்து, ஒவ்வொரு துண்டையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் பாருங்கள். பிறகு கோயில் பக்கம் திரும்புங்கள். மதுரை அம்மனை 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் இப்பெயரால் பாடியிருக்கிறார். மீனாட்சி என்பதும் மீன்விழியாள்தான். வடமொழி வழியாக வந்தது.

வீட்டில் பாட்டியை எல்லோரும் 'கண்ணு' என்றே கூப்பிட்டார்கள்.