ஆன்டிஜென் இருந்தும் எட்டாத நிலை: செல் சவ்வைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடநூல் படங்களில் செல் சவ்வு ஒரு சுவராகவும், ஆன்டிஜென் (எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் மூலக்கூறு) அதில் நட்ட கொடியாகவும், ஆன்டிபாடி (ஆன்டிஜெனைப் பற்றும் எதிர்ப்புப் புரதம்) அக்கொடியைப் பற்றும் கவ்வியாகவும் வரையப்படுகின்றன. நோய் எதிர்ப்பியலைப் படிக்கத் தொடங்குவோர் செய்யும் பிழைகளில் பலவற்றுக்கு இந்தப் படமே வித்து. ஒரு மூலக்கூறு செல்லின் பரப்பில் இருப்பது தெரிந்தவுடன், எதிர்ப்புச் செல்கள் அதைக் கண்டுகொள்ளும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது சவ்விலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கிறது, அதைச் சுற்றி என்ன அடர்ந்திருக்கிறது, அது இடம்பெயருமா என்று கேட்காமல் அப்படி முடிவு செய்வது தவறு.

இதற்கு இரத்த வகைச் சோதனையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஏ, பி ஆன்டிஜென்கள் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில், ஒரு சிவப்பணுவில் பல லட்சக்கணக்கில் அமைந்துள்ளன. இரத்த வகையைப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் ஆர்எச் டி புரதமோ சவ்வை 12 முறை ஊடுருவிச் சென்று, வெளியே சிறு வளையங்களை மட்டுமே நீட்டுகிறது. அதன் எண்ணிக்கையும் சில பத்தாயிரங்களைத் தாண்டுவதில்லை. ஆர்எச் டி உள்ள சிவப்பணுக்களை உப்புக் கரைசலில் இட்டு, அதற்கு எதிரான, இரு கைகள் கொண்ட ஐஜிஜி வகை ஆன்டிபாடியைச் சேர்த்தால், ஆன்டிபாடி உரிய இடத்தில் பற்றிக்கொள்ளும். ஆனால் குழாயில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும் திரளல் எதுவும் பொதுவாகத் தென்படாது. பரப்பிலுள்ள சியாலிக் அமிலத்தின் எதிர்மின்சுமையால் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று விலக்குவதால், ஐஜிஜியின் இரு கைகளும் இரண்டு செல்களை ஒருசேர எட்டிப்பிடிக்க முடிவதில்லை. 'திரளவில்லை, எனவே ஆன்டிபாடி இல்லை' என்று அறிக்கை எழுதுவது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1945 இல் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் ஆகியோர் அறிமுகப்படுத்திய சோதனை, ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஐஜிஜியை இன்னொரு ஆன்டிபாடியால் இணைத்து இந்த இடைவெளியைக் கடக்கிறது. பப்பாயின் நொதியால் பரப்பைச் சீவிவிட்டும் திரளலை வரவழைக்கலாம். ஆனால் அதே நொதி எம், என், டஃபி என்ற வேறு இரத்த வகை ஆன்டிஜென்களை அழித்துவிடும் என்பதை மறந்தவர், ஒரு பிழையிலிருந்து தப்பி வேறொன்றில் விழுவார்.

டி செல்கள் எனப்படும் எதிர்ப்பு வெள்ளணுக்களைப் பொறுத்தவரை உயரத்தின் கணக்கு வேறு. டி செல் ஏற்பி, எதிரே உள்ள செல் ஏந்திக் காட்டும் பெப்டைடை, அதாவது சிறு புரதத் துண்டைப் பற்றும்போது இரு சவ்வுகளுக்கும் இடையே ஏறத்தாழ 15 நானோமீட்டர் இடைவெளியே இருக்கும். சிடி45 போன்ற நெடிய புரதங்கள் அந்த ஒடுக்கத்துக்குள் பொருந்தாமல் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. பாஸ்பேட்டை நீக்கித் தூண்டல் சமிக்ஞையை அணைக்கும் சிடி45 விலகுவதே சமிக்ஞை நிலைக்க வழிவிடுகிறது என்ற விளக்கத்துக்கு வலுவான ஆதரவு உண்டு. ஆகவே ஏற்பியின் பிணைப்பு வலிமையை மட்டும் அளந்துவிட்டு, டி செல் எப்படித் தூண்டப்படும் என்று கணிப்பது அரைகுறை வேலை. ஆன்டிபாடி பற்றும் இடத்தையே டி செல்லும் பார்க்கிறது என்று எண்ணுவது அதைவிட அடிப்படையான குழப்பம்.

சவ்வு அசையாத பரப்பு என்ற எண்ணம் ஆய்வகத்தில் நேரடியாகவே தண்டிக்கப்படும். 1970 இல் ஃபிரையும் எடிடினும் எலி செல்லையும் மனித செல்லையும் இணைத்தபோது, இரண்டின் பரப்பு ஆன்டிஜென்களும் 37 டிகிரி செல்சியஸில் 40 நிமிடங்களுக்குள் கலந்துவிட்டன. குளிரில் அந்தக் கலப்பு வெகுவாகத் தடைப்பட்டது. உயிருள்ள செல்களை உடல் வெப்பநிலையில் ஒளிரும் சாயம் இணைத்த ஆன்டிபாடியோடு விட்டுவைத்தால், இரு கைகளால் இணைக்கப்பட்ட ஆன்டிஜென்கள் திட்டுகளாகத் திரண்டு, ஒரு முனையில் தொப்பிபோல் குவிந்து, பெரும்பாலும் செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடும். பரப்பில் ஒளிர்வு குறைந்திருப்பதைக் கண்டு 'ஆன்டிஜென் குறைவு' என்று குறித்துக்கொள்பவர், தாமே அதை உள்ளே அனுப்பியதை அறிவதில்லை. பனிக்கட்டியின் மீது வைத்துச் சாயமிடுவது இதனால்தான்.

சவ்வைத் துளையிடும் டிடர்ஜென்ட்டைச் சேர்த்த பிறகு கிடைக்கும் ஒளிர்வைப் பரப்பின் ஒளிர்வாகக் கொள்ளக் கூடாது. உள்ளிருக்கும் புரதமும் அதில் சேர்ந்துவிடும். இறந்த செல்களைக் கணக்கிலிருந்து நீக்காவிட்டாலும் அதே சிக்கல்தான். மடிப்பைக் கலைத்த புரதங்களைப் பிரித்துச் சோதிக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் நன்றாகப் பற்றும் ஆன்டிபாடி, மடிப்புக் கலையாத புரதத்தைச் சவ்வில் அறியும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை; பற்றும் இடம் மடிப்புக்குள் மறைந்திருக்கலாம், லிப்பிடு அடுக்குக்குள் புதைந்தும் இருக்கலாம்.