பங்கு ஏரியா? முதலில் கலங்கலைப் பாருங்கள்

இரண்டு ஊர் தண்ணீரைப் பங்கு போடும் ஏரிதான் பங்கு ஏரி. தமிழக-ஆந்திர எல்லையில் ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், பிச்சாட்டூர் பக்கத்து ஏரிகளில் பல ஒன்றோடொன்று தொடுத்தவை. கலங்கல் என்பது ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழியும் இடம். மேல் ஏரிக் கலங்கலில் வழிவதுதான் கீழ் ஏரிக்கு வரத்து. எல்லைக்கு அந்தப்பக்கம் தெலுங்கில் ஏரியைச் செருவு, மதகைத் தூமு, கலங்கலை அலுகு என்பார்கள். பக்கத்து ஊரோடு பேசப் போகிறவருக்கு இந்த மூன்று சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்.

மண் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் போட்ட மண் நிற்காது.

கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவதை எந்த ஊரும் அனுமதிக்கக் கூடாது. ஒரு அடி கூடுதலாகத் தேக்கினால், வெள்ளத்துக்காகக் கரையில் விட்டிருக்கும் உயரம் ஒரு அடி குறைகிறது. மேட்டுப்பக்க நிலம் முழுகும், கீழ் ஏரி காயும். ஒரே இரவில் கனமழை கொட்டினால் கரை மேல் தண்ணீர் ஏறும். மண்கரை மேல் தண்ணீர் ஓடினால் உடைப்புதான்.

அடுத்தது கரை. எலி வளை, நண்டு வளையை மேலாக அடைத்துப் பயனில்லை. கெட்டி மண் தெரியும்வரை வெட்டி, களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடியுங்கள். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் சேறாக வழியக் கூடாது. கரையில் சீமைக்கருவேலத்தைச் செடியிலேயே பிடுங்குங்கள். பெரிய மரமானபின் வெட்டினால் வேர் மக்கி, உள்ளே தண்ணீருக்கு வழி விட்டுவிடும்.

ஏரி நிரம்பியதும் வெளிப்பக்க அடிவாரத்தில் தினமும் நடந்து பாருங்கள். கசிவு தெரிந்தால் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் கவனித்தால் போதும். மண் கலந்து வந்தால் கரையின் மண்ணே வெளியேறுகிறது. அந்த வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள். அழுத்தம் கூடி வேறு இடத்தில் பிளக்கும். மேலே ஆற்றுமணல், அதன்மேல் ஜல்லி போட்டுச் சுற்றி மூட்டை அடுக்குங்கள். தண்ணீர் வெளியேறும், மண் தங்கும். உடனே நீர்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.

பங்கு பிரிக்கக் கணக்கு வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு அடித் தண்ணீர் என்பது சுமார் 12.3 லட்சம் லிட்டர். 100 ஏக்கர் ஏரி, சராசரி 5 அடி ஆழம் என்றால் 500 ஏக்கர்-அடி, அதாவது ஏறக்குறைய 22 மில்லியன் கன அடி. நெல் ஏக்கருக்குச் சுமார் 4 அடி கேட்கும். கணக்குக்கு 125 ஏக்கர் வரும். ஆவியும் கால்வாய்க் கசிவும் போக 80 ஏக்கருக்கு மேல் நாற்று விடாதீர்கள். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால்கூட இந்த ஏரியில் 20 லட்சம் லிட்டர் போய்விடும்.

மடை முறையை, அதாவது எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை, மணிக்கணக்கில் எழுதி, இரு ஊர் ஆட்களும் கையெழுத்திடட்டும். கடைமடையிலிருந்து தொடங்குங்கள், தலைமடை முதலில் பாய்ந்தால் கடைசி வயலுக்குப் பெரும்பாலும் எட்டாது. மதகடியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போதே மூடிவிடுங்கள், அது கோடையில் மாட்டுக்கும் கிணறுகளுக்கும்.