முதல் பாயின்ட் டூ டூ போட்டி: குமிழைத் தொடும் முன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பயிற்சிக் களத்தில் புதியவர்களுக்கென்று சிறியதொரு போட்டி வைத்திருந்தோம். பதினான்கு பேர் வந்திருந்தனர். பாதிப் பேர் கல்லூரி என்.சி.சி.யில் ஐந்து, பத்து தோட்டாக்கள் சுட்டுப் பார்த்தவர்கள். மீதிப் பேர் 10 மீட்டர் ஏர் ரைபிளிலிருந்து அடுத்த படிக்கு வர நினைப்பவர்கள். காலை ஏழரை மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள், இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த தவறுகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் அவர்கள் எனக்குத் திரும்பச் செய்து காட்டினர். ஆகவே இதை எழுதுகிறேன்.

பேச்சு வழக்கில் நாம் ‘பாயின்ட் டூ டூ’ என்று சொல்லும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. தீப்பற்றும் மருந்து இதன் அடித்தகட்டின் நடுவில் இல்லாமல் விளிம்பின் உட்புறத்தில் இருப்பதால் இதை ரிம்ஃபயர் என்கிறோம். பின்னுதைப்பு மிகக் குறைவு, ஓசையும் அடக்கமானது, பெரிய தோட்டாக்களோடு ஒப்பிட்டால் செலவும் தாங்கக்கூடியது. அதனால்தான் புதியவர்களுக்கு இது ஏற்றதாக இருக்கிறது. சிறுவர் விளையாட்டு என்று இதை எண்ணிவிட வேண்டாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வென்றதும், 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்றதும் இதே .22 தோட்டாவில்தான்.

குழாயை எந்தப் பக்கம் காட்டுவது, விரலை எப்போது விசையில் வைப்பது, ‘ஸ்டாப்’ என்றால் என்ன செய்வது என்பவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரியாத ஒருவரைச் சுடும் கோட்டுக்கு அருகில் விடுவதே களப் பொறுப்பாளரின் தவறு.

முதலில் துப்பாக்கி வாங்கிவிடுவது

.177 அளவுள்ள, 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றல் கொண்ட ஏர் ரைபிளுக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் .22 ரைபிளையும் கடைக்குப் போய் வாங்கிவிடலாம் என்று எண்ணி வருவோர் இருக்கிறார்கள். இதற்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துக் காவல்துறை விசாரணை முடியும் வரை பொறுமை வேண்டும். அதற்குள் சங்கத்தின் துப்பாக்கியில், பயிற்சியாளரின் கண்பார்வையில், ஐந்தாறு போட்டிகளாவது சுட்டுவிடுங்கள். உங்கள் கை நீளத்துக்கும் கழுத்துக்கும் எந்தக் கட்டை (தோளில் பதித்துக் கன்னம் வைக்கும் பகுதி) பொருந்தும் என்பது அதற்குப் பிறகுதான் உங்களுக்கே தெரியவரும்.

சுடும்போது அணியும் விலையுயர்ந்த ஜாக்கெட்

இந்த ஆண்டு வேண்டாம்.

ஒரே குண்டைப் பார்த்துக் குமிழைத் திருப்புவது

இருபது ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்குப் பழகிப்போகாத தவறு இதுதான். சென்ற ஞாயிறும் இதைக் கண்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நடப்பது இப்படி. ஒரு மாணவர் குப்புறப் படுத்து முதல் குண்டைச் சுடுகிறார். இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் பார்க்கிறார், குண்டு இடப்பக்கம் எட்டாம் வளையத்தில் (நடுவில் இருப்பது பத்து) பட்டிருக்கிறது. உடனே பின் சைட்டில், அதாவது கண்ணருகே உள்ள குறிபார்க்கும் கருவியில், குண்டு படும் இடத்தை நகர்த்தும் குமிழை நான்கு கிளிக் திருப்புகிறார். அடுத்த குண்டு வலப்பக்கம் எட்டில் விழுகிறது. மீண்டும் திருப்புகிறார். இப்படியே போட்டி முடியும்வரை பத்து வளையத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார்; ஓடுகிற கோழியைப் பிடிக்கப் போனவரைப் போல, அவர் வலப்பக்கம் பாயும்போது அது இடப்பக்கம் போய்விடுகிறது.

இதில் உள்ள கணக்கு எளியது. புதியவர் ஒருவர் எதையும் மாற்றாமல் பத்து குண்டு சுட்டால், அவை 50 மீட்டர் இலக்குத் தாளில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பரவலின் மையம் சரியாகப் பத்திலேயே இருந்தாலும், ஒரு குண்டு இடப்பக்கம் 18 மில்லிமீட்டர் தள்ளி விழுவது இயல்புதான். அதைப் பார்த்து 18 மில்லிமீட்டர் வலப்பக்கம் திருப்பினால், சரியாக இருந்த மையத்தை நாமே இழுத்துக் கெடுத்துவிட்டோம் என்று பொருள். அடுத்த குண்டு இயல்பாகவே வலப்பக்கம் விழவேண்டியதாக இருந்தால் அது 36 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். ஒவ்வொரு குண்டுக்கும் முழுத் திருத்தம் செய்துகொண்டே போகிறவரின் பரவல், கை வைக்காமல் விட்டவரின் பரவலைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு ஆகிறது. உழைத்து, வியர்த்து, தம் மதிப்பெண்ணைத் தாமே குறைத்துக்கொள்கிறார்.

என்னுடைய முதல் போட்டியில் இதைவிடக் கேவலமாக நடந்தது. சங்கத்துத் துப்பாக்கியில் ஜெர்மன் பின் சைட் ஒன்று இருந்தது. மேல் குமிழில் ‘ஹெச்’ என்று ஓர் எழுத்தும் அருகில் ஓர் அம்புக்குறியும் உண்டு. ‘ஹை’ என்பதன் முதலெழுத்துதானே, குண்டை மேலே ஏற்ற அந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தச் சைட்டில் அதன் பொருள் ‘குண்டு மேலே பட்டிருந்தால் இந்தப் பக்கம் திருப்பு’ என்பதாம். கீழே பட்ட குண்டை மேலேற்றத் திருப்பினேன். இன்னும் கீழே போனது. போதவில்லை போலும் என்று மேலும் திருப்பினேன். மூன்றாவது தாளில் குண்டுகள் கறுப்பு வட்டத்தையே விட்டு வெள்ளைக்கு இறங்கியபோது, பின்னால் நின்றிருந்த என் பயிற்சியாளர் எதுவும் பேச அனுமதியில்லாமல் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றதைப் பிறகு மற்றவர்கள் சொல்லக் கேட்டேன்.

அன்று மாலை அவர் என்னுடைய ஆறு தாள்களையும் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பிடித்தார். வெளிச்சம் பட்டதும் அடித்தாள்களின் துளைகள் மேல்தாளில் நிழலாகத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு, நான் குமிழைத் திருப்பிய இடங்களை நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவர் கோடு போட்டார். முடிவில் அந்தத் தாள் சிக்குக் கோலம்போல் இருந்தது. “மக்கா, துப்பாக்கி அதுக்க வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

சரியான முறை இது. போட்டிக்கு முன் ஆயத்தத்துக்கும் சோதனைச் சுடுதலுக்கும் 15 நிமிடம் உண்டு. அதற்குள் எத்தனை சைட்டர் (மதிப்பெண்ணில் சேராத சோதனைக் குண்டு) வேண்டுமானாலும் சுடலாம். பெரும்பாலான புதியவர்கள் மூன்று சுட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யாமல், எதையும் தொடாது ஐந்து குண்டு சுடுங்கள். ஒவ்வொரு குண்டும் புறப்பட்ட நொடியில் முன் சைட்டின் வளையம் எங்கே நின்றது என்பதை, ஸ்கோப்பைப் பார்ப்பதற்கு முன்பே, மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் இழுத்துவிட்டேன் என்று நீங்களே சொன்ன குண்டு இடப்பக்கம் பட்டிருந்தால் அது உங்கள் தவறு. குமிழுக்கு அதில் பங்கில்லை, அந்தக் குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீதிக் குண்டுகளின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒரே முறை திருத்துங்கள். ஒரு கிளிக்குக்கு எத்தனை மில்லிமீட்டர் நகரும், எழுத்துக் குறிகள் எந்தப் பொருளில் இருக்கின்றன என்பவற்றைப் பயிற்சி நாளிலேயே தாளில் சுட்டு அளந்து, கட்டையின் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் ஒட்டிவைத்துவிடுங்கள். போட்டி நாள் காலையில் மூளை இந்தக் கணக்குகளைச் செய்யாது.

இந்தத் தவறின் இன்னொரு முகம் காற்று. நம் மாவட்டத்தில் சுடுகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடமுடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் அதே காற்றுதான் நம் குண்டையும் தள்ளுகிறது. 40 கிரெயின் எடையுள்ள, அதாவது 2.6 கிராம் ஈயக் குண்டு, ஒலியின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, வினாடிக்கு 320 மீட்டரளவில் புறப்படுகிறது. வினாடிக்கு 4 மீட்டர் வேகமுள்ள குறுக்குக் காற்று, 50 மீட்டரில் அதை ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் ஒதுக்கிவிடும். பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், ஆகவே கையில் எந்தப் பிழையும் இல்லாத குண்டுகூட எட்டிலோ ஏழிலோ போய் விழும். வலஞ்சுழியாகச் சுழலும் குண்டாக இருந்தால் வலப்பக்கக் காற்று அதை இடப்பக்கம் தள்ளுவதோடு சற்று மேலேயும் ஏற்றும். இடப்பக்கக் காற்று வலப்பக்கம் தள்ளிக் கீழே இறக்கும். கடிகாரத்தில் சொன்னால் பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் சாய்வாக ஒரு கோடு. தாளில் அந்தச் சாய்வு தெரிந்தால் காற்றைக் கவனியுங்கள், குமிழைக் கவனிக்காதீர்கள்.

எங்கே பார்த்துக் காற்றைக் கணிப்பது என்பதிலும் ஒரு வம்பு உண்டு. ஞாயிறன்று ஒரு தம்பி ஒவ்வொரு குண்டுக்கும் முன் தலையைத் தூக்கி, களத்துக்கு வெளியே நின்ற தென்னையின் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓலை ஆடுவது நாற்பதடி உயரத்தில். படுத்துச் சுடுகிறவனின் குண்டு போவது முழங்கால் உயரத்தைவிடச் சிறிதே மேலே. மண்மேட்டின் மறைவில் அந்த உயரத்தில் பல நேரங்களில் காற்றே இருப்பதில்லை. பன்னாட்டுப் போட்டிகளில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சிறு துணிக்கொடிகள் நட்டிருப்பார்கள். நாங்கள் பழைய வேட்டியின் கரையை விரலளவு அகலத்தில் கிழித்துக் கம்பியில் கட்டுகிறோம். குண்டு போகிற உயரத்துக்கு அருகில், சுடுகிறவருக்கு அருகிலுள்ள முதல் கொடியைத்தான் முதன்மையாகப் பார்க்கவேண்டும். தொடக்கத்தில் ஒதுங்கிய குண்டுக்கு விலகிச் செல்ல அதிகத் தொலைவு மீதமிருக்கிறது.

மின்னணு இலக்கில் 60 குண்டுக்கு 50 நிமிடம் தருகிறார்கள். குண்டுக்கு 50 வினாடி. நிதானமாகச் சுட்டாலே 30 வினாடி போதும். அப்படியானால் காத்திருப்பதற்கென்றே 20 நிமிடம் கையில் இருக்கிறது. கொடி சைட்டர் சுட்டபோது எப்படி இருந்ததோ அப்படி மீண்டும் வரும்வரை கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டுப் படுத்திருங்கள். இந்த 20 நிமிடத்தைச் செலவிடாமல், 25ஆவது நிமிடத்திலேயே எழுந்து வந்து “முடிச்சிட்டேன் அண்ணே” என்று சிரிப்பவர்களிடம் எனக்குப் பேசப் பிடிப்பதில்லை.

போட்டி அன்று தோட்டாவை மாற்றுவது

காலையில் தேநீர் குடிக்கும்போது யாராவது ஒரு நண்பர் வெளிநாட்டுத் தோட்டாப் பெட்டி ஒன்றை நீட்டுவார். அன்போடு மறுத்துவிடுங்கள். .22 குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் அது வேறு. குழாயின் உட்புறம் புதிய பூச்சுக்குப் பழகப் பத்து, இருபது குண்டாவது ஆகும். ஒரே தயாரிப்பில்கூட ஒரு துப்பாக்கிக்கு ஒரு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) ஒத்துவரும், அடுத்த லாட் ஒத்துவராது. தோட்டாவின் விலை துப்பாக்கிக்குத் தெரியாது.

காற்றடிக்கும் நாளில் வேகம் கூடிய தோட்டா நல்லது என்று எண்ணுவதும் இதோடு சேர்ந்ததே. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் .22 குண்டு காற்றின் எதிர்ப்பில் விரைவாகத் தளர்வதால், மெதுவான குண்டைவிட அதிகமாகவே ஒதுங்குகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

பக்கத்து இலக்கில் சுடுவது

உங்கள் கணக்கில் பூஜ்யம். ஒவ்வொரு முறையும் இலக்கின் எண்ணைப் படியுங்கள்.

தேங்காய் எண்ணெய்

சிரிக்கவேண்டாம், செய்தவன் நான்தான். மார்கழி மாதம் கோயம்புத்தூரில் ஒரு போட்டி. முந்தைய நாள் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி, அடிக்கும் ஊசியும் இதற்குள்தான்) சற்று இறுக்கமாக இருப்பதாகத் தோன்றவே, வீட்டில் இருந்த எண்ணெயைத் தாராளமாக விட்டுத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். தேங்காய் எண்ணெய் 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையத் தொடங்கும். எங்கள் ஊரில் பெரும்பாலும் நீராகவே இருப்பதால் அது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் விடியற்காலைக் குளிரில் முதல் பத்தில் மூன்று தோட்டாக்கள் வெடிக்கவில்லை.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக்கூடாது. குழாய் இலக்கை நோக்கியபடியே அரை நிமிடமாவது காத்திருந்து, கையை உயர்த்திப் பொறுப்பாளரை அழைக்கவேண்டும். அதையாவது ஒழுங்காகச் செய்தேன். வந்தவர் தோட்டாவை வெளியே எடுத்து விளிம்பைக் காட்டினார்: ஆழமாக ஒரு வெட்டு இருக்கவேண்டிய இடத்தில் நகம் பட்டதுபோல் மெல்லிய கீறல். அடிக்கும் ஊசி உறைந்த எண்ணெயில் மெதுவாக நகர்ந்திருக்கிறது. நான் அதுவரை தோட்டா செய்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் பயிற்சியாளர் போல்டைக் கழற்றி, உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கைக்குட்டையால் வழித்து, மூக்கருகே கொண்டுபோனார். “அவியலுக்கா மக்கா ஊத்தின?” என்றார்.

இப்போது துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயில் ஒரு துளி மட்டும். அதையும் தடவிவிட்டுத் துடைத்துவிடுகிறேன். கடற்காற்றும் இரண்டு மழைக்காலங்களும் உள்ள ஊர் இது என்பதால், போட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைத்து, பூட்டுள்ள இரும்பு அலமாரியில் வைக்கிறேன். பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் நுரைத் திண்டு வியர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்திருக்கும். அதை மறுநாள் வெயிலில் காயவைப்பேன்.