பாட்டியின் பாம்படமும் தெளிவாக விழ

பாட்டியை முற்றத்தில் உட்கார வைத்து, ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் மாட்டி, ஒரு மீட்டர் தள்ளி நின்று அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 1.8-இல் வைத்து எடுத்தேன். கண் பளிச்சென்று விழுந்தது; காதிலிருந்த பாம்படம் மங்கிவிட்டது. அங்கே தெளிவு கிடைக்கும் ஆழம் ஏறக்குறைய 4 செ.மீ.தான்.

அப்பர்ச்சரை எஃப் 8-க்குச் சுருக்குங்கள் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்), ஏறக்குறைய 18 செ.மீ. கிடைக்கும். வெளிச்சம் இருபதில் ஒரு பங்காகக் குறையும், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றிச் சரிக்கட்டலாம். எஃப் 1.8-லேயே இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கினாலும் 17 செ.மீ. வரும்: தூரம் இரட்டித்தால் ஆழம் நான்கு மடங்கு. முகம் சிறிதாகிறதே என்று 100 மி.மீ. லென்ஸுக்கு மாறாதீர்கள், மறுபடி 4 செ.மீ.தான்.

பின்னால் துணிக்கொடி உறுத்துகிறதா? பாட்டியைக் கொடியிலிருந்து நாலடி முன்னால் அழைத்து வந்து, நீங்களும் அதே அளவு பின்வாங்குங்கள்; கொடி மங்கிவிடும். ஃபோகஸ், கேமராவுக்குப் பக்கத்திலிருக்கும் கண்ணில்.