வில்லங்கச் சான்றில் வராத உயில்

நெல்லிக்குப்பம் பக்கம் தாத்தா விட்டுப்போன வீட்டுமனைக்காக 30 வருட வில்லங்கச் சான்று எடுத்தேன். கிரயம், அடமானம், அடமான ரத்து எல்லாம் வரிசையாக இருந்தன. தாத்தா பதிவு செய்ததாகச் சொன்ன உயிலை மட்டும் காணோம். "பதியவே இல்லையோ?" என்று கேட்டேன். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தானடா கூடப் போனேன், விரல் மையைப் புடவையில துடைச்சாரு" என்றார்.

அப்புறம்தான் 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைப் படித்தேன். பதிவு அலுவலகத்தில் ஆவணங்களை ஏற்றும் பதிவேடுகளைப் புத்தகம் என்கிறார்கள். கிரயம், அடமானம் ஏறுவது 1-ஆம் புத்தகம். கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். வில்லங்கச் சான்று அதிலிருந்துதான் வருகிறது. உயில் ஏறுவதோ 3-ஆம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் கிடைக்கும். இறந்த பிறகு யார் கேட்டாலும் தருவார்கள். ஆனால் புத்தகத்தை நாமே புரட்ட முடியாது, பதிவு அலுவலர்தான் தேடித் தருவார். இது சரியான ஏற்பாடுதான். உயிரோடு இருக்கும் பெரியவரின் உயிலை மகன்கள் எட்டிப் பார்த்தால் வீடு என்னாகும்?

உயில் பதிந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் தாத்தாவின் இறப்புச் சான்றிதழை வைத்து, அத்தை சொன்ன வருடத்தைக் குறித்து மனு கொடுத்தேன். நகல் கைக்கு வந்ததும் அத்தை முதலில் தேடியது மனையின் அளவை அல்ல, தாத்தாவின் கைரேகையை.