ரத்தத்தில் ஈயம், குழந்தையின் எடை: எதை அளப்பது, எங்கே தேடுவது

ஈயம், அதாவது காரீயம் (லெட்), உடம்பில் ஏறினால் குழந்தை குண்டாகுமா, இளைக்குமா? ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. பாஸ்டனில் உதிர்ந்த பால் பற்களில் ஈயத்தை அளந்தபோது, அது கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு 7 வயதில் பி.எம்.ஐ.யும் (கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) கூடுதலாக இருந்தது. அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பிலோ ரத்தத்தில் ஈயம் கூடியவர்களுக்கு பி.எம்.ஐ. குறைவு.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. அரை வயிற்றோடு இருக்கிற, இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும். அப்படியானால் இளைப்பு முன்னால் வந்ததா, ஈயமா? இன்னொரு பக்கம், ஈயம் உயர வளர்ச்சியைக் குறுக்கும். 22 கிலோ எடையுள்ள 7 வயதுக் குழந்தை 120 செ.மீ. இருந்தால் பி.எம்.ஐ. 15.3. அதே எடையில் 117 செ.மீ. என்றால் 16.1. கொழுப்பு ஒரு கிராம்கூட ஏறவில்லை, எண் மட்டும் ஏறிவிட்டது. அதனால் எடை மெஷினைப் பார்த்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஈயம் கொழுப்பில் போய்த் தங்குவதும் இல்லை. குழந்தை உடம்பில் இருக்கும் ஈயத்தில் சுமார் 70 சதவீதம் எலும்பில் இருக்கும். உடம்பைக் குறைத்து ஈயத்தை வெளியேற்றுவதாகச் சொல்லும் டீடாக்ஸ் பொடி எதையும் வாங்காதீர்கள். ஆயுர்வேத லேபிளில் நாக பஸ்மம் என்று இருந்தால், அது காரீயத்தையே புடம் போட்டுச் செய்தது.

ரத்தப் பரிசோதனை

கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் 'பிளட் லெட்' அளவு கேளுங்கள். விரல் நுனியில் குத்தி எடுப்பதாக இருந்தால், முதலில் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஸ்பிரிட் பஞ்சு ஈயத் தூசியை எடுக்காது. தோலில் ஒட்டிய தூசி சொட்டு ரத்தத்தில் கலந்தால் இல்லாத ஈயம் இருப்பதாக ரிப்போர்ட் வரும்.

அளவு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 2021 முதல் அந்தக் கோடு 3.5. சென்னையில் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில் சராசரியே 11-ஐத் தாண்டியது. 45-ஐ எட்டினால் உடனே ஆஸ்பத்திரி. ஈயத்தை வெளியேற்றும் கிலேஷன் மருந்து தேவைப்படும் கட்டம் அது.

வீட்டில் எங்கே இருக்கும்

முதலில் ஈயச் சொம்பு. ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம், அதாவது டின். அதனால் கெடுதல் இல்லை. விலை மலிவாக வர அதில் காரீயம் கலப்பதுதான் ஆபத்து. புளியும் தக்காளியும் சூட்டோடு அதைக் கரைத்து இறக்கும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சுத்தமான வெள்ளீயமே 232 டிகிரியில் உருகிவிடும். ஆகவே உருகுவது எந்தப் பக்கமும் சாட்சி ஆகாது.

எடை போட்டுப் பார்க்கலாம். சமையலறை டிஜிட்டல் தராசில் சொம்பை உலர்வாக நிறுங்கள், 500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஜீரோ செய்யுங்கள். சொம்பை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் 500-ஐ வகுங்கள். 68 அல்லது 69 காட்டினால் விடை 7.3 ஆகும், அது வெள்ளீயம். 7.6 வந்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காரீயம். 8.9 வந்தால் பாதிக்குப் பாதி.

சொம்புக்குள் காற்றுக் குமிழி நின்றால் வகுத்து வரும் விடை குறைந்து, கலப்படம் தப்பிவிடும்; சாய்த்துச் சாய்த்து முக்குங்கள். இதில் தோற்ற சொம்பைத் தயங்காமல் ஒதுக்கலாம். தேறியதை நம்ப முடியாது, ஏனென்றால் 2 அல்லது 3 சதவீதக் கலப்பை வீட்டுத் தராசு காட்டாது, அதுவும் ரசத்துக்கு அதிகம்தான். ஹால்மார்க் மையங்களில் உள்ளது போன்ற, எக்ஸ்ரே பாய்ச்சி உலோகக் கலப்பைச் சொல்லும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில், ஈயத்துக்கு அளவமைத்திருந்தால், சரியான விடை கிடைக்கும். அதுவரை ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும், வாசனை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுத்தாலும் இதே கேள்விதான். பத்தவைக்கும் ஈயத்தைத் தேய்த்துப் பூசினால் அதில் காரீயம் இருக்கும். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த இண்டாலியச் சட்டியையும் கழித்துவிடலாம். 2025-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த வகைப் பாத்திரங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

மஞ்சளைப் பளபளப்பேற்றாத, மங்கலான கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். பளீரென்ற நிறத்துக்காகக் கிழங்கின் மேல் ஈயச் சாயமான லெட் குரோமேட் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் ஆய்வில் பிடிபட்டது. இந்தியாவில் மஞ்சளில் ஈயத்துக்கு வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். கடையில் வாங்கும் கண்மையும் செந்தூரமும் குழந்தைக்கு வேண்டாம்.

இந்தியாவில் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல், முக்கியமாக மஞ்சளும் சிவப்பும் பச்சையும் அடித்த ஜன்னல் கம்பி, கேட், பழைய தொட்டில் எல்லாம் சந்தேகப் பட்டியலில் வரும். உரிந்து நிற்கும் பெயின்ட்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, நீர்த்தாளால் தேய்த்து, சேறாக வருவதைத் துணியில் வழித்துக் கட்டிப் போடுங்கள். அந்த நாட்களில் குழந்தை வேறு வீட்டில் இருக்கட்டும். பெயின்ட் அடித்த மரத்தைப் போகி நெருப்பில் போடவே கூடாது.

தரையைப் பெருக்குவதை விட ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பம் தூசியைக் குழந்தையின் மூக்கு உயரத்துக்குக் கிளப்பும். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலச நல்ல தண்ணீர். ஒரே வாளி என்றால் தூசியை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் பரப்பியதாகவே ஆகும்.

சாப்பாட்டில்

வெறும் வயிற்றில் ஈயம் வேகமாக ஏறும், அதனால் காலை உணவைத் தவறவிட வேண்டாம். எடையைக் குறைக்கிறோம் என்று குழந்தையைப் பட்டினி போடுவதும், தேற்றுகிறோம் என்று நெய்யை ஊற்றுவதும் ஈயத்துக்கு மருந்தல்ல. வேண்டியது இரும்பும் கால்சியமும். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம். கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். சாப்பாட்டோடு டீ குடித்தால் சரியாக ஏறாது. 5 முதல் 9 வயதுக்குப் பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் 45 மில்லிகிராம் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா, பைக்குள் போகிறதா என்று பாருங்கள்.

ரத்தத்தில் ஈய அளவு 3.5-ஐத் தொட்டு, 10-க்குக் கீழ் இருந்தால் 3 மாதத்தில் மறுபரிசோதனை. ரத்தத்தில் புதிதாக ஏறிய ஈயம் பாதியாக ஒரு மாதம் போல ஆகும், ஆனால் எலும்பில் இருப்பது மெல்ல மெல்லக் கசிந்து வந்துகொண்டே இருக்கும். கொஞ்சமாக இறங்கினாலும் சரியான வழிதான். இறங்கவே இல்லையென்றால் ஈயம் வரும் இன்னொரு மூலம் இருக்கலாம். பேட்டரிக் கடை, சிலை வார்ப்பு, வலைக்கு ஈயக்குண்டு உருக்குவது, பழைய வீட்டுப் பெயின்ட் வேலை என்று யாராவது போய்வந்தால், அவர்களின் வேலைத் துணியையும் செருப்பையும் வாசலிலேயே நிறுத்தித் தனியாகத் துவையுங்கள். குளித்த பிறகே குழந்தையைத் தூக்கட்டும்.