கவிதையில் படிமமும் தொனியும்: முதல் வரைவைத் திருத்துவது எப்படி?

கவிதையின் முதல் வரைவில் பெரும்பாலும் உணர்வின் பெயர்தான் இருக்கும். தனிமை, துயரம், ஏக்கம் போன்ற சொற்கள் முந்திக்கொண்டு வந்து, உணர்வு வரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அத்தகைய சொற்களை அடிக்கோடிடுவதிலிருந்து திருத்தத்தைத் தொடங்கலாம். ‘அவள் போனபின் வீட்டில் வெறுமை சூழ்ந்தது’ என்ற வரியில் வாசகர் காண்பதற்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலை அந்த வீட்டில் ஒருவருடைய கை என்ன செய்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு டம்ளர் எடுத்து
ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

வெறுமை என்ற சொல் இப்போது இல்லை. ஆனால் பழக்கம் விடாத கையும், அதை அறிவு தாமதமாகத் தடுத்த கணமும் இருக்கின்றன. மிச்சத்தை வாசகரே உணர்ந்துகொள்வார் என்பதால், இதன் கீழே விளக்கவரி ஒன்றைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

உவமை தேடுபவர்களுக்குத் தொல்காப்பியம் நல்ல கருவி ஒன்றைத் தருகிறது. உவமை தோன்றும் இடங்களை அது வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் பின்னிரண்டிலேயே நின்றுவிடுகிறார்கள். முகத்தை நிலவு என்பதும் பல்லை முத்து என்பதும் சலித்துப்போனதற்குப் பழமை மட்டும் காரணமன்று. அவற்றில் எதுவும் அசைவதில்லை. ‘அவர் சொல் முள்’ என்பதைவிட, ‘துணியில் மாட்டிய முள்ளாய், இழுத்தால் நூலையும் சேர்த்து இழுக்கிறது அவர் சொல்’ என்பது மேலானது. இங்கே முள் ஒரு வேலையைச் செய்கிறது. குறுங்கவிதைக்கு இப்படி ஒன்று போதும். காட்சியைத் தவிர ஒலி, மணம், தொடுகை ஆகியவற்றிலும் படிமம், அதாவது சொல்லால் மனத்தில் எழும் புலனுணர்வு, அமையும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தொனி இதைவிட நுட்பமானது. சோகத்தைக் கூட்ட அடைமொழிகளையும் ஆச்சரியக்குறிகளையும் அடுக்குவது வீண் வேலை என்பது என் கருத்து. தமிழில் தொனியைப் பெரிதும் தாங்குவது வினைமுற்றே. மேற்கண்ட வரியை ‘திரும்ப வைத்துவிட்டேன்’ என்று முடித்தால், ஏதோ ஒன்று தீர்ந்துபோன உணர்வு வருகிறது. ‘வைத்துத் தொலைத்தேன்’ என்றால் தன்மீதே எரிச்சல். ‘வைக்கத்தானே வேண்டும்’ என்றால் கசப்பு கலந்த இணக்கம். படிமம் மாறவில்லை, பேசுகிறவர் மாறிவிடுகிறார். இவற்றுள் ‘வைத்தேன்’ என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். கனமான செய்தியை வறண்ட குரலில் சொல்லும்போது அழுத்தம் கூடுகிறது.

ஓசையும் இதில் சேரும். தொல்காப்பியம் கூறும் 20 வண்ணங்களுள், அதாவது செய்யுளின் ஓசை வகைகளுள், வல்லெழுத்து மிகுவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுவது மெல்லிசை வண்ணம். இதை வாய்பாடாகப் பின்பற்றினால் கவிதை செயற்கையாகிவிடும்; ஆனால் தாலாட்டுப்போல் ஒலிக்கவேண்டிய வரியில் க, ச, ட, த, ப, ற நெருங்கி நிற்கின்றனவா என்று பார்ப்பதில் தவறில்லை.

இறுதியாக, கவிதையை வேறொருவரிடம் கொடுத்து, எந்த விளக்கமும் சொல்லாமல் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தாழ்ந்த குரலை நினைத்து எழுதிய இடத்தில் அவர் குரல் உயர்ந்தால், முதலில் அங்குள்ள வினைமுற்றை மாற்றிப் பாருங்கள். அதன்பிறகும் சரிவராவிட்டால் மட்டும் படிமத்தில் கைவையுங்கள்.